மூன்று ஆட்டத்துப் பொறுமை

விளாங்குடி,
தவக்காலம், சனிக்கிழமை காலை.

அன்பு மகள் ஷெரினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்றால் அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, எனக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் சுகம்தான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பாதியிலேயே 'விடும்மா, இன்னும் அதையே பேசிக்கிட்டு' என்று என் வாயை அடைத்துவிடுவாய், அப்பா வேறு பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காதை என் பக்கம் கொடுத்திருப்பார். பின் தெரு சத்யப்ரியா இன்று சாயங்காலம் உங்கள் ஊருக்குப் பிளேன் ஏறுகிறாள், பருப்புப் பொடியோடும் நார்த்தங்காய் ஊறுகாயோடும் இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயில் ஈரக் கரண்டியைப் போடாதே.

போன வாரம் நம் ஊர்க் கால்பந்து டீம் கோச் கிளமெண்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, புது கோச்சுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும்மா என்றாய். மாப்பிள்ளையும் பின்னாலிருந்து, எங்க டீமுக்கும் புது மேனேஜர் வந்து எட்டு ஆட்டமாத் தோத்துக்கிட்டுத்தான் இருக்கோம் அத்தை, ரெண்டு வருஷமாச்சும் பொறுத்துத்தான் பாக்கணும் என்றார். அவருக்குப் பெரிய மனசு. ஆனால் அதற்கு முந்தின ஞாயிறு நீ என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த மேனேஜரைப் பெற்றவள் வரைக்கும் இழுத்து அவர் திட்டியது எனக்குக் கேட்கத்தான் செய்தது, சொல்லாமல் விட்டேன். பொறுமை கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான், 'அ' எழுத ஆறு மாதம் எடுத்துக்கொண்ட பிள்ளைகளை எல்லாம் கரையேற்றியிருக்கிறேன். புதிதாக வருகிறவனுக்கு எந்தப் பையன் இடது காலால் அடிப்பான், எவன் சொன்னால் கேட்பான், எவன் முறைப்பான் என்று பிடிபடவே ஒரு சீசன் ஆகும். அதெல்லாம் சரி, அடுத்தவனுக்கு மூன்று ஆட்டத்துக்கு மேல் பொறுக்காதவன் தனக்கு மட்டும் பொறுமை கேட்கலாமா என்பதுதான் என் கேள்வி.

நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும், அப்பா சொல்ல விடவில்லை. பயலுக ஏதோ கேலியா போஸ்டர் அடிச்சுட்டாய்ங்க, அதான் விட்டுட்டேன் என்று உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார் அல்லவா, மீதியை நான் சொல்கிறேன். ஆகஸ்டில் நம் விளாங்குடி டீமுக்குக் கோச்சாக வரச் சொல்லிக் கமிட்டியிலிருந்து வந்து கேட்டார்கள். ரிட்டயர்டு ஆன பி.டி. வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும், மறுநாளே விசிலைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நம் பையன்களுக்குப் பந்தைத் தூக்கி அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடித்தான் பழக்கம், இவர் அதை மாற்றி, தரையோடு உருட்டி ஒருத்தனுக்கு ஒருத்தன் கொடுத்து ஆடச் சொன்னார். அது ஒரு வாரத்தில் வருகிற வித்தையா? முதல் ஆட்டத்தில் கோல் காக்கிற பையனுக்கு டெங்கு, இரண்டாவதில் கடைசி நிமிஷத்தில் பெனால்டி, மூன்றாவது மேலூரில் மழைச் சகதியில், மூன்றும் போயிற்று. ரசிகர்களுக்கு அப்போது தலைவன் இந்தக் கிளமெண்ட், அப்பாவிடமே ஆறாம் வகுப்பிலிருந்து பந்தடித்தவன். நாலாம் நாள் காலையில் விளாங்குடி ஸ்டாப் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், நடுவில் உன் அப்பா போட்டோ, அதுவும் உன் கல்யாணத்தில் எடுத்தது, மாலையும் கழுத்துமாக. கீழே பொடி எழுத்தில், தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் மண்ணைக் கவ்வி நம்மை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டார், இப்படிக்கு ரசிகர்கள் என்று இருந்ததாம். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

உன் மேலூர்ப் பெரியப்பா திண்டுக்கல் பஸ்ஸில் போனவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். போட்டோ தெரிந்தது, கண்ணீர் அஞ்சலி தெரிந்தது, அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நம்மிடம் எப்படிக் கேட்பது என்று கேட்காமலே மேலூருக்குப் போன் பண்ணிவிட்டார். பதினோரு மணிக்கு வேனில் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். பெரியம்மா தெரு முனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, என்னப் பெத்த தங்கச்சி, ஒனக்கா இந்தக் கதி என்று கதறிக்கொண்டு வருகிறாள், நான் அடுப்படியிலிருந்து யார் வீட்டுச் சாவு என்று எட்டிப் பார்க்கிறேன். கதவைத் திறந்தது உன் அப்பா, ஒரு கன்னத்தில் ஷேவிங் சோப்போடு. கையில் மாலையோடு அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். காபி போட்டுக் கொடுத்தேன், யாரும் சரியாகக் குடிக்கவில்லை. கிளம்பும்போது பதினாலு பேரில் ஒருத்தர்கூட வாரேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது அல்லவா, அந்த நினைப்பிலேயே வந்தவர்கள் அந்தப் பழக்கத்திலேயே எழுந்து போய்விட்டார்கள். சாவுக்கு எடுத்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோக மாட்டோம் என்று வைத்துவிட்டும் போனார்கள். அதை உன் அப்பாவே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் வைகையில் விட்டுவிட்டு வந்தார். தனக்கு வந்த மாலையைத் தானே கொண்டுபோய்ப் போட்ட மனுஷன் அன்றைக்கே இரண்டு வரியில் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஏழு மாதம் மைதானத்துத் தெரு வழியாக அவர் நடக்கவே இல்லை, பால் வாங்கக்கூடச் சுற்றித்தான் போனார்.

அப்படிப்பட்ட கிளமெண்டைத்தான் நவம்பரில் கோச்சாகப் போட்டார்கள். வாய் இருக்கிறவனுக்குத்தானே வேலை கிடைக்கும். ஏழு ஆட்டத்தில் ஒன்று டிரா, ஆறு தோல்வி. தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும். நான் ஒரு ஆட்டம் விடவில்லை ஷெரின். கோவிலுக்கு ரோசரி சொல்லப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொள்வேன். கத்த மாட்டேன், வாத்தியாரம்மா கத்தினால் மரியாதை இல்லை. மூன்றாவது ஆட்டம் தோற்றதும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, மூணு ஆச்சு கிளமெண்ட் என்று மட்டும் சொன்னேன். அடுத்ததில் நாலு ஆச்சு, அப்புறம் அஞ்சு. அவன் டீம் மேல் கோல் விழுகிற அன்றைக்கெல்லாம் எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது. தவக்காலத்துக்குக் கறியை விட்டேன், மீனை விட்டேன், கிளமெண்டை மட்டும் என்னால் விட முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடமும் இதைச் சொன்னேன், மன்னியுங்கள் என்றார். ஃபாதருக்கு யார் போஸ்டர் அடித்தார்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இப்போது ரசிகர்களுக்குத் தலைவனாக இருக்கிற சிவபாண்டி என்னைத் தேடி வந்தான். நாளை திருப்பரங்குன்றத்து டீமோடு கடைசி ஆட்டம், தோற்றால் நம் டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும், இறங்கினால் கிளமெண்டுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கப் போகிறோம் டீச்சர், ஒரு நல்ல போட்டோ வேணும் என்றான். அப்பா அலமாரியில் வைத்திருந்த, கிளமெண்டும் நிற்கிற ஸ்கூல் டீம் குரூப் போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். அடித்துக் காட்டிய மாதிரியில் ஆழ்ந்த என்பதை 'ஆழ்த்த' என்று போட்டிருந்தான், திருத்திக் கொடுத்தேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி போட்டோவைப் பெரிதாகப் போடச் சொன்னேன். கிளமெண்டுக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள், அவளும் அந்த ஸ்டாப்பில்தான் பஸ் ஏறுகிறாள், அதை நினைத்தேன், நினைத்துச் சந்தோஷப்பட்டேன். முன்கூட்டியே வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அடித்து வந்த போஸ்டர் கட்டை நம் வீட்டுப் பீரோவின் மேல்தான் வைத்திருந்தோம், அப்பாவுக்குத் தெரியாது.

இந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளமெண்டே வீடு தேடி வந்தான். ஆள் பாதியாகிவிட்டான், கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது, எனக்கு இரக்கம் வரவில்லை. அப்பா உட்காரச் சொன்னார், நான் காபி கொடுத்தேன். நான் சொன்னா ஒரு பயலும் கேக்க மாட்டேங்குறாய்ங்க சார், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி உருட்டி ஆட வைக்கலாம்னு பாக்கேன், எனக்கு வரல, இனிமே பிராக்டிசுக்கு நீங்களும் வந்து நில்லுங்க சார் என்று கும்பிட்டான். அன்னைக்கு ஏதோ விளையாட்டாப் பண்ணிட்டோம், மனசுல வச்சுக்காதீங்க, எனக்குக் கொஞ்சம் டைம் வேணும், சனம் பொறுக்க மாட்டேங்குது என்றான். விளையாட்டாம். உன் அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், சரிப்பா வாரேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தவன், வாரேன் சார், வாரேன் டீச்சர் என்றான். நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, "துக்க வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாது கிளமெண்ட், சும்மா போ" என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்தாயானால்! ஒரு கால் செருப்பை மாட்டாமலே தெருவரைக்கும் போய்விட்டான். ஏழு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அது, குளிக்கும்போதும் மாவாட்டும்போதும் இன்னதுதான் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன், தானாக வந்து வாயில் விழுந்தது. சந்தோஷத்தோடு உள்ளே திரும்பினால் உன் அப்பா அவன் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அவன் காகிதத்துலதான் போட்டான் இன்னாசி, நீ வாயால சொல்லிட்ட" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனைக் குத்த வேண்டும் என்ற ஆத்திரத்தில், புருஷன் உயிரோடு முன்னால் நிற்க, இந்த வீட்டைத் துக்க வீடு என்று நானே சொல்லியிருக்கிறேன். மேலூர்க்காரர்கள் தெரியாமல் செய்தார்கள், நான் தெரிந்து செய்தேன். அன்றைக்கே போஸ்டர் கட்டை இறக்கி வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். சிவபாண்டி வந்து கேட்டான், மழையில் நனைந்துவிட்டது என்றேன், மார்ச்சில் ஏது மழை, அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். கிளமெண்டை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவன் பக்கத்தில் உன் அப்பா நின்றுகொண்டிருக்கும்போது போஸ்டர் இவர் முகத்திலும்தான் ஒட்டும், அதனால்தான் எரித்தேன். நாளை ஜெயித்தால் பி.டி. சார் வந்ததால் பிழைத்தான் என்று ஊரே அவனைப் பார்த்துச் சொல்லும், அந்தப் பேச்சை அவன் காலத்துக்கும் சுமக்கட்டும். தோற்றால் ஏழு ஆச்சு. நாளை நான் போகப் போவதில்லை, யார் கோல் போட்டாலும் கைதட்ட எனக்கு வராது.

உன் அப்பா புதன்கிழமையிலிருந்து தினமும் மைதானத்துக்குப் போகிறார், அதே விசில், அதே வெள்ளைத் தொப்பி. மைதானத்துத் தெரு வழியாகவே நடந்து போகிறார் என்று கேட்டதும் அழுதேன். ஆனால் ஷெரின், கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் தெருமுனைக் கடைக்குப் போனால்கூட வாரேன் இன்னாசி என்று சொல்லாமல் படி இறங்காத மனுஷன், புதன்கிழமையிலிருந்து சொல்வதில்லை. சாப்பிடுகிறார், பேசுகிறார், மாத்திரை எங்கே என்று கேட்கிறார், எல்லாம் முன்னைப் போலத்தான். கிளம்பும்போது மட்டும் எழுந்து சும்மா போய்விடுகிறார். இன்று காலைப் பிராக்டிசுக்குக் கிளம்பியபோது என்னால் முடியாமல் வாசலை மறித்துக்கொண்டு, சொல்லிட்டுப் போங்க என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "துக்க வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாதுல்ல" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆட்டம் ஜெயித்ததா தோற்றதா என்பது இது உன் கைக்கு வருகிறபோது உனக்கே தெரிந்திருக்கும், எனக்கு அது இப்போது பெரிதாகப் படவில்லை. நீ ஒன்று செய். ஆட்டம் முடிந்தாலும் பிராக்டிஸ் நிற்காது, தினமும் சாயங்காலம் அவர் மூன்றரைக்குக் கிளம்புவார், அங்கே உனக்குக் காலை பத்து. டூட்டியில் இருந்தாலும் அந்த நேரத்துக்குச் சரியாக அப்பாவுக்குப் போன் போட்டு, அம்மாட்ட சொல்லிட்டுக் கிளம்புங்கப்பா என்று மட்டும் சொல்லு. நான் எழுதியதாகச் சொல்லாதே. நீ சொன்னால் கேட்பார், என் பேச்சைக் கேட்டு அவர் இனி வாசலில் நிற்க மாட்டார்.

குழந்தைக்குக் குளிரில் குல்லா போடாமல் வெளியே கொண்டுபோகாதே. மாப்பிள்ளையிடம் அந்த மேனேஜரை இனிமேல் திட்ட வேண்டாம் என்று சொல், அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். மாதாவும் சம்மனசுகளும் உங்கள் மூன்று பேர் கூடவும் இருக்கட்டும். மூன்றரை மணியை மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஞா. இன்னாசியம்மாள்