கருவாட்டை எடுத்துத் தாமரை வைத்த அண்ணனுக்கு

இன்று காலை அடுத்த வீட்டில் பிளாச்சான் கட்டியை, அந்த இறால் விழுதை, வாட்டினார்கள். அந்த இறால் வாடை சன்னல் வழியே வந்ததும் உன்மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது, அண்ணே. செத்தவர்மேல் கோபப்படக் கூடாதாம். நான் படுவேன்.

நாம் குடியிருந்த காஜா பேராங்கில் நம் வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி அக்கா வீடு. தமிழ் வம்சம்தான், ஆனால் அவளுக்கு மலாய்தான் வரும். பிளாச்சானை வாட்டி மிளகாய்ச் சம்பால் இடித்தபடியே மலாயில் நாலு வரிப் பந்துன் கட்டி என்னைச் சீண்டுவாள். நான் தமிழில் நாலு வரி கட்டித் திருப்பி வீசுவேன். முதல் இரண்டு வரி நிழல், அடுத்த இரண்டு வரி ஆள். நிழலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பாள். இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வாரம் நான் கட்டியது இது:

ஆற்றங்கரையில் படகு வந்தாச்சு
அதிலே வந்த கருவாடு ஈரம்
ஆளுக்கொரு கொடி கையில் தந்தாச்சு
அடுப்படி வர இன்னும் எத்தனை தூரம்?

"இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டு எழுதிக்கொண்டாய். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு படிப்பகத்தில் உன் பேச்சு. புதிய இலக்கிய வடிவம் எப்படிப் பிறக்கிறது என்று. தமிழ், மலாய் இரண்டு இலக்கியங்களையும் கற்ற புலவன் ஒப்பிட்டு ஆராயும்போது பிறக்கிறதாம். நான் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்றேன். என் பாட்டைப் படித்தாய். கருவாடு இருந்த இடத்தில் தாமரை இருந்தது.

முன்வரிசையில் ஒருவர், "நல்லாருக்கே, யாரு சார் கட்டினது?" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் சொன்னாய்: "ஊர்ப் பாட்டுங்க. கட்டினவங்க பேரு தெரியல."

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எந்த மடையன் அண்ணே படகுல தாமர ஏத்திட்டு வருவான்?"

"கருவாடுலாம் கவிதைக்கு ஆகாது தங்கச்சி."

"எம் பேரும் ஆகாதா?"

"சந்தையில கருவாடு விக்கிறவ கட்டினதுன்னு சொன்னா சிரிப்பாங்கல்ல. புது வடிவம் நிக்கணும்னா மரியாத வேணும்."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் கேள். கருவாடு ஈரமாக வந்தால் சரியாகக் காயவில்லை, நம்பி வாங்க முடியாது. அந்தச் சுதந்திரத்தைத்தான் சொன்னேன். தாமரை ஈரமாக இருந்தால் என்ன குறை? நிழலை மாற்றினாய், ஆளே போய்விட்டாள். வடிவம் உன் ஆராய்ச்சியிலா பிறந்தது? ஒருத்தி சீண்ட, இன்னொருத்தி தோற்க மாட்டேன் என்று தன் மொழியில் திருப்பிக் கொடுத்தாளே, அங்கே பிறந்தது. உனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தாய்.

அப்புறம் பத்துப் பேர் அதே மாதிரி எழுதினார்கள். உன்னை அதற்குத் தகப்பன் என்றார்கள். நீ மறுக்கவே இல்லை.

நானும் நிறுத்தவில்லை. கட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஒன்றையும் பேனா பிடித்தவன் காதில் விழ விடவில்லை. எல்லாம் நெஞ்சில் இருக்கிறது, ஓர் எழுத்து மாறாமல். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் ஒன்று கட்டினேன், அழுதுகொண்டேதான். நான் கட்டியதிலேயே நல்லது அதுதான். நீ எழுந்து வந்து கேட்டிருந்தாலும் பாடியிருக்க மாட்டேன்.