பட்டி இடத்தில் பிரசவ ஆஸ்பத்திரி

1956, மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

இன்று பஞ்சாயத்து போர்டில் கை தூக்கிவிட்டேன். 

ஓசூர்க் கடைவீதியில் சும்மா கிடக்கும் பழைய மாட்டுப்பட்டி இடத்தில் சினிமாக் கொட்டகை கட்ட வேண்டும் என்பது பெரிய மாமாவின் ஆசை. இவருடைய, அதாவது என் வீட்டுக்காரருடைய, அண்ணன். என்னை மெம்பராக நிறுத்தியதே அவர்தான். மற்றொரு தரப்பு அங்கே பிரசவ ஆஸ்பத்திரி கேட்டது. இரண்டு பக்கமும் ஓட்டு சமமாக நின்றது. பிரசிடெண்ட் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். பின்பெஞ்சில் பெரிய மாமா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

போன ஐப்பசியில் அவர் மனைவி, என் ஓரகத்தி அக்கா, பிரசவத்துக்குக் கிருஷ்ணகிரிக்குப் போகிற வழியில் வண்டியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தாள். அவள் தலை என் மடியில் இருந்தது.

"ஆஸ்பத்திரி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் கையையும் தூக்கினேன்.

பெரிய மாமா செருப்பைக்கூட மாட்டாமல் வெளியேறினார். வீட்டுக்கு வந்ததும் இவரிடம், "நாளையிலிருந்து உலை தனித்தனி. உம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடு" என்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார் இவர். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். 

சமையலறையில் அக்கா பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய வெண்கலப் பானையை என் பக்கம் தள்ளினாள்.

"இது உன்னுதாச்சேக்கா."

"வெச்சுக்கோ."

கோபத்தில் சொன்னாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.