கிழக்குச் சுவரில் ஜன்னல்

புரட்டாசி 19, ஞாயிறு

வெயில் சித்திரை மாதிரி. மாடியில் காயப்போட்ட மல்லி ஒரே பகலில் முறுகிவிட்டது. இடது முட்டி வீக்கம். ஐஸ் வைத்தேன், பெரிய பலன் இல்லை.

காலையில் கனடாவிலிருந்து கண்ணன். மகன் பேசினால் வழக்கமாகச் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். இன்று காபி ஆறிப்போகிற வரைக்கும் பேசினான். அவன் வீட்டை ஒட்டி எனக்கென்று ஓர் அறை எடுக்கிறானே, அதற்கு வருகிற சனிக்கிழமை கான்கிரீட். பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டுமாம்.

செங்கல் கிடையாது. தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளைச் சாமான். அதையே கெட்டியாக, நடுவில் கூடு விட்டுக் கட்டி கட்டியாகச் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கம்பி கட்டிக் கூட்டுக்குள் கான்கிரீட் ஊற்றுவது. சென்ட்ரிங் பிரிப்பதுபோல அதைப் பிரிப்பதில்லை. இரண்டு பக்கமும் அப்படியே நின்றுவிடும். வெளியே மைனஸ் இருபத்தைந்து ஆனாலும் உள்ளே தெரியாதாம்.

நான் கேட்டவை:
சுவரைத் தண்ணீர் விட்டு யார் நனைப்பது? – நனைக்கவே வேண்டாம்.
எலி கடிக்காதா? – சிரிப்பு.
சாமி படத்துக்கு ஆணி? – எங்கே என்று முன்பே சொன்னால் ஏற்பாடு செய்வான்.
வெண்டிலேட்டர் எத்தனை? – “காத்து உள்ள வரக்கூடாதுன்னுதாம்மா இம்புட்டும் பண்றோம். நல்ல காத்துக்குத் தனியா மிசின் இருக்கு.”

காற்றை வெளியே நிறுத்துவதற்கு இவ்வளவு செலவு. இங்கே ஒரு வாய்க் காற்றுக்குக் கூடத்துக் கதவு, அடுப்படிக் கதவு, கொல்லைக் கதவு மூன்றையும் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தான். “வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிரும்மா. நீ வாரேன்னா கெழக்குச் செவத்துல ஜன்னல், பாத்ரூம் பைப்புக்கு ஓட்ட, எல்லாம் விட்டு ஊத்துவோம். வரலைன்னா அது கார் ஷெட்டு. ஊத்துன பெறகு ஆறு இன்ச்சு கான்கிரீட்டு, உள்ள கம்பி. ஒடைக்கவெல்லாம் முடியாது.”

இரண்டுக்கும் அனுமதி வாங்கி வைத்திருக்கிறானாம். இத்தனை வருஷம் ‘யோசிச்சுச் சொல்றேன்பா’ என்றே ஓட்டினேன். செங்கல் சுவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஓட்டியிருக்கலாம்.

போனை வைத்தபோது பாக்கியம் மதினி கூடத்துக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூக்கம் இல்லை. தூங்கினால் குறட்டை வரும்.

புரட்டாசி 20, திங்கள்

முட்டி அதே. பால் திரிந்துவிட்டது.

எதற்காக இத்தனை யோசனை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மதினிதான். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். தன் அக்காவான மதினியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. கண்ணனைத் தூக்கி வளர்த்ததும் பாதி மதினிதான். பெற்றவர்களைத்தான் அங்கே கூப்பிட முடியுமாம், அத்தைக்கு விசா கிடையாது.

இன்று மதினிக்குச் செய்தது: குளிப்பாட்டல். காலுக்குத் தைலம். கேழ்வரகுக் கஞ்சி, அது பிடிக்காமல் அரிசிக் கஞ்சி. கண்ணுக்கு மருந்து. தலையணை உறை. திட்டு (வாங்கியது) – உப்புக்கு ஒன்று, தைலம் சூடு பத்தவில்லை என்று ஒன்று.

எனக்கும் அறுபத்திரண்டு. பெருமாளே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் கூப்பிடாமல் விடிய வேண்டும். எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

பக்கத்து வீட்டில் கைப்பிடிச் சுவர் எடுக்கும் முருகேசன் கொத்தனாரிடம் விவரம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “தெர்மாகோல்லயா? யக்கா, கல்யாண மேடையில பேரு வெட்டி ஒட்டுவாய்ங்களே, அதுலயா வீடு?” கையாளைக் கூப்பிட்டு, “ஏ மாப்ள, இனிமே நமக்குக் கத்தரிக்கோலு போதுண்டா” என்றார். நானும் சிரித்தேன். மதினி கூடத்திலிருந்து, “அங்க என்ன சிரிப்பு, இங்க தண்ணி கேட்டு எம்புட்டு நேரமாச்சு” என்றார்.

புரட்டாசி 21, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. புழுக்கம்.

கண்ணன் போனில் அனுப்பிய பிளானில் அளவு எனக்குப் பிடிபடவில்லை. பதினாலுக்குப் பன்னிரண்டு என்றால் எவ்வளவு? சாயங்காலம் மொட்டை மாடியைப் பெருக்கி, தையல் டேப்பால் அளந்து, அரிசி மாவில் அந்த அறையை அப்படியே போட்டேன். சுவர் தெர்மாகோலோடு சேர்த்து ஓர் அடிக் கனம், அதற்கு இரட்டைக் கோடு. வாசல். பாத்ரூம். கிழக்குச் சுவரில் ஜன்னல். வடகிழக்கு மூலையில் சாமி. கட்டில்.

பிறகு வாசல் வழியாக உள்ளே போனேன். பைத்தியம்தான். கோட்டைத் தாண்டி நேரே போகலாம், ஆனால் வாசலைச் சுற்றித்தான் போனேன். கட்டில் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். நல்ல அறை. யாரும் கூப்பிடவில்லை.

கீழே கூப்பிட்டார்.

அரிசி மாவு ஒரு படி. எந்தக் கணக்கில் எழுதுவது? வீட்டுச் செலவு இல்லை, கோயில் செலவும் இல்லை. ‘கனடா வீடு’ என்று புதிதாகத் தலைப்புப் போட்டு அதற்குக் கீழே எழுதினேன். என் பங்கு அவ்வளவு.

புரட்டாசி 22, புதன்

ரேஷன் கடையில் வரிசை. பருப்பு இல்லை, எண்ணெய் மட்டும். திரும்பி வந்தால் கூடத்தில் கட்டில் காலி. பாத்ரூமில் இல்லை, கொல்லையில் இல்லை. மாடிப்படியில் ஊன்றுகோல் கிடந்தது.

மாடியில் என் மாவு அறைக்கு நடுவே துண்டை விரித்து மதினி.

“எப்படி ஏறுனீங்க?”

“உக்காந்து உக்காந்துதான். படிக்கொரு தடவ. பின்ன, பல்லக்கு வச்சா என்னைய ஏத்துவாக?”

எறும்பு கி. சுவரை முக்கால்வாசி தின்றிருந்தது. வரிசையாக ஜன்னல் வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

“இது என்ன கோலம்த்தா? புள்ளியும் இல்ல, கம்பியும் இல்ல.”

“கண்ணன் கட்டுற ரூம்பு மதினி.”

“தெரியும். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு.” ஊன்றுகோல் இல்லாததால் விரலை நீட்டினார். “அது?”

“கட்டிலு.”

“ஒண்ணுதானா?”

நான் எறும்பை ஊதித் தள்ளினேன். அவரும் அதோடு விட்டார்.

“ஜன்னலு எம்புட்டு ஒசரத்துல வப்பானாம்?”

“மூணரை அடின்னான்.”

“அப்ப எந்திரிச்சு நின்னாத்தான் வெளிய தெரியும். முடியாம ஒரு நாளு படுத்துக் கெடக்கிறவ என்னத்தப் பாக்குறது? மோட்டுவளையவா?”

கூடத்துக் கட்டிலில் படுத்தால் மின்விசிறியும் உத்தரமும்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் கட்டிலைத் திருப்பிப் போட எனக்குத் தோன்றவில்லை.

கீழே இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் இரண்டு படி கீழே, அவர் கை என் தோளில். வழியெல்லாம் திட்டு, ரேஷன் எண்ணெய் தரம் வரைக்கும்.

புரட்டாசி 23, வியாழன்

மதினியிடம் பல் ஆஸ்பத்திரி என்று பொய். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டி. நிற்க இடமில்லை. ஒரு பிள்ளை எழுந்து இடம் கொடுத்தது, நல்லா இருக்கட்டும்.

ராசுவைப் பார்க்கத்தான். மதினிக்குக் கொழுந்தன் மகன். மதினிக்கென்று புருஷன் வழியில் மிச்சமிருப்பது அவன் ஒருத்தன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். நான் போகவேண்டி வந்தால் மதினியை வைத்துக்கொள்வாயா?

அவன் முகம் கோணவில்லை. “பெரியம்மா எங்களுக்கும் அம்மாதான அத்த. வச்சுக்குறோம். வீட்டுக்குள்ளதான் எடம் பத்தாது, பின்னால ரூம்பு இருக்கு, வாங்க பாப்போம்.”

பின்னால் போனோம். தகர ஷெட். ஒரு பக்கம் பருத்தி மூட்டை, மறுபக்கம் கட்டில் போடலாம். மத்தியான வெயில் நேரே தகரத்தில். சுவரும் தகரம். கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். தோசைக்கல்.

“ஃபேன் மாட்டிருவேன் அத்த” என்றான். நல்ல பையன். இருக்கிறதைத்தானே காட்ட முடியும்.

அவன் பெண்சாதி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பாத்திரத்தை நானே கழுவி வைத்தேன். ஏன் கழுவினேன் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மைனஸ் இருபத்தைந்தும் தகரமும் மாறி மாறி. ஓர் அடிக் கனத்தில் எனக்கு ஒரு சுவர். அவருக்கு ஒரு தகரம்.

மதினி கேட்டார்: “பல்லு புடுங்கியாச்சா?” இல்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். “பஸ்ஸுப் புழுதி வாடை அடிக்குது. எந்த ஊரு டாக்டரு?” நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பஸ் 2 தடவை, ராசு வீட்டுக்குப் பழம். எழுதினேன், தலைப்பு இல்லாமல்.

புரட்டாசி 24, வெள்ளி

பெருமாள் முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கலாமா என்று இருந்தது. வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. அவர் போ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அதனால் கேட்கவில்லை.

காலை கண்ணனுக்கு நானே போன் போட்டேன். மதினி பாத்ரூமில் இருந்தார், கதவு சாத்தியிருந்தது.

“வரல கண்ணா. கார் ஷெட்டாவே ஊத்திரு.”

“பாக்கியம் அத்தைக்காகவாம்மா?” என்றான். குளிர் எனக்கு ஒத்துக்காது என்றேன். மருமகள் தேவி வாங்கிப் பேசினாள். “அத்தை, அந்த ரூம்ல குளிரே இருக்காதுன்னு அன்னைக்கே அவர் உங்களுக்குப் பாடம் எடுத்தார்ல” என்றாள். அழுகிற குரல். நான் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

மத்தியானம் மாடியில் மிச்ச மாவைப் பெருக்கித் தள்ளினேன். வ.கி. மூலை மட்டும் கலையாமல் இருந்தது. அதை விட்டுவிட்டேன், எறும்புக்கு.

கூடத்துக் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். உப்புக்குக்கூட இன்று திட்டு இல்லை.

புரட்டாசி 25, சனி

நாலாவது சனி. தல்லாகுளம் பெருமாள் கோயிலில் கூட்டம் தெருவரைக்கும். துளசி மாலை. தரிசனம் ஒரு நொடி. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் முருகேசன் கொத்தனார் நம் வாசலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். “ஆத்தா தண்ணி கேட்டாக, குடுத்தேன். வாரேன்க்கா” என்று அவசரமாகப் போனார். முகத்தில் சிரிப்பு. தண்ணீர்ச் செம்பு மதினி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, நிறைய.

பெருமாளுக்குத் தளிகை போட்டேன். புளியோதரை, தயிர்ச் சாதம், சுண்டல், வடை. மதினி வடை மூன்று சாப்பிட்டார். டாக்டர் சொன்ன கணக்கில் ஒன்றுதான் சாப்பிடலாம்.

இந்நேரம் அங்கே ஊற்றிக்கொண்டிருப்பார்கள். முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டேன், மதினியுடையது.

புரட்டாசி 26, ஞாயிறு

விடிகாலை தூறல். மண் வாடை.

கண்ணன் வீடியோ அனுப்பியிருந்தான். வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் சுவர், முட்டுக் கொடுத்த பலகை, பெரிய குழாயில் கான்கிரீட். காமிரா சுற்றி வந்தது. கி. சுவரில் ஓர் ஓட்டை. சதுரமாக, மரச் சட்டம் வைத்து. தரைக்கு ரொம்பப் பக்கத்தில். மூலையில் பைப் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

போன் போட்டேன். “நான்தான் வரலைன்னு சொன்னேனே கண்ணா?”

“பாக்கியம் அத்தை சொல்லிருச்சும்மா. நேத்துக் கூப்பிட்டுச்சு, யாரோ கொத்தனார் போன்ல இருந்து. ‘ஜன்னல ரெண்டடிக்கு எறக்கி வையிடா, படுத்தா வெளிய தெரியணும். வாசப்படி வைக்காத, அவளுக்கு முட்டி மடங்காது’ன்னுச்சு. நீ வேணாங்கிறியேன்னு சொன்னேன். ‘உன்னைய யாரு தூக்கி வளத்தா, சொன்னதச் செய்’ன்னுருச்சு. அதுக்கு மேல நான் என்னத்தப் பேசுறது.”

கூடத்துக்குப் போனேன். மதினி ஜன்னல் வழியாகத் தூறலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“நம்பரு எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“காலண்டர் அட்டையில நீதான எழுதி வச்சிருக்க. கொத்தனாருக்குப் படிக்கத் தெரியும்ல.”

“நான் போகலைன்னு சொல்லிட்டேன் மதினி.”

“நீ இப்பப் போகலைன்னு சொன்ன. நான் இப்பன்னா சொன்னேன்?” முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. “உசிலம்பட்டிக்குப் போயி அந்தத் தகரத்தத் தொட்டுப் பாத்துட்டு வந்தியாம்ல. வெள்ளிக்கெழம நீ மாடியில இருக்கயில ராசு உன் போன்ல கூப்பிட்டான், நான்தான் எடுத்தேன். ஃபேன் மாட்டுறானாம், ஃபேனு.”

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் போய்ச் சேந்த பெறகு நீ போ. அது வரைக்கும் செவரு காயட்டும்” என்றார். பிறகு, “சட்னி அரச்சியா, இல்ல நேத்து வடையவே திங்கணுமா?”

தேங்காய்ச் சட்னி அரைத்தேன். உப்பு குறைவாம்.

மறுபடி கண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன், அந்தச் சுவர் எத்தனை நாளில் காயும் என்று. ரெண்டு பக்கமும் தெர்மாகோல் மூடியிருக்கிறதால் உள்ளே ஈரம் லேசில் போகாது, ரொம்ப மெதுவாகத்தான் காயும் என்றான். நல்லது என்றேன்.