ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள்

மார்ச் 3, செவ்வாய்
இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். எங்கள் அப்பாவிடம்கூடக் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாவுக்கு நகராட்சியில் குடிநீரைச் சோதிக்கும் வேலை. மக்களுக்கு நகராட்சி தரும் வாக்குறுதியை எழுதுவதும் இந்த வருடம் அவள் தலையில் விழுந்தது. "பதினொரு தெருக் குழாய்களின் சோதனை முடிவும் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் அந்தந்தக் குழாயிலேயே ஒட்டப்படும்." கீழே, பொறுப்பு என்று போட்டுத் தன் பெயரை எழுதினாள்.

"உன் பேரு எதுக்கும்மா?"

"பேரு இல்லேன்னா யாருகிட்ட போய்க் கேப்பாங்க? தேதி, எண்ணிக்கை, ஆளு, மூணும் வேணும்டி. இல்லேன்னா வெறும் பேச்சு."

மார்ச் 9, திங்கள்
மேலதிகாரி திருத்திவிட்டார். பதினொன்று இல்லை. ஐந்தாம் தேதி இல்லை. "குடிநீர் குறித்த வெளிப்படைத்தன்மை படிப்படியாக மேம்படுத்தப்படும்." நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியாகிவிட்டது.

அப்பா சிரித்தார். "இதை யாராலயும் மீறவே முடியாது. மீறுறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணுமே!"

அம்மா சிரிக்கவில்லை. அவள் பெயரை மட்டும் மேலதிகாரி அடிக்கவில்லை.

மார்ச் 10
ஏன் அதை மட்டும் விட்டார்?

மார்ச் 20, வெள்ளி
வகுப்பில் ஒன்பது பேர் வரவில்லை. வாந்தி, பேதி. ஏழாம் குழாய்த் தெருவில் ஒரு சின்னப் பிள்ளை இறந்துவிட்டது.

பக்கத்தில் உட்காருபவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். "உங்கம்மாதானே பொறுப்பு? போர்டுலயே போட்டிருக்கு."

ஏன் விட்டார் என்று புரிந்துவிட்டது.

அம்மா அப்பாவிடம் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. "மூணு குழாய்த் தண்ணி கெட்டிருக்குன்னு பன்னெண்டாம் தேதியே எழுதிக் குடுத்துட்டேன். அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாரு."

"வாயத் தொறக்காத. உள்ள தள்ளிருவாங்க."

மார்ச் 22, ஞாயிறு
அம்மாவின் பையில் அவள் எழுதிக் கொடுத்ததன் நகல் இருந்தது. பதினொரு தாளில் எழுதினேன். எந்தெந்தக் குழாய், என்றைக்குக் கொடுத்தது, யார் பூட்டி வைத்தது. விடிவதற்குள் பதினொரு குழாய்களிலும் ஒட்டிவிட்டேன். கை இன்னும் பசை பசையாக இருக்கிறது. பயமாயிருக்கு.

மார்ச் 23, திங்கள்
மூன்று குழாய்களையும் மூடிவிட்டார்கள். சாயங்காலம் மேலதிகாரி வீட்டுக்கே வந்தார். "ஆபீஸ் ரகசியத்தை வெளிய விட்டது யாரு?"

அவர் கிழித்துக் கொண்டுவந்த தாளை அம்மா பார்த்தாள். என் எழுத்து அவளுக்குத் தெரியாதா?

"நான்தான் சார்."

நான் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கல? நாளைக்கு நானே போய்ச் சொல்லிடுவேன், எழுதினது நான், அம்மாவுக்குத் தெரியவே தெரியா—

கதவு. பலமாகத் தட்டுகிறார்கள். அம்மா விளக்கைப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுகிறாள். நான்