மூடி திறக்காத ஆறு நாள்

இன்னும் பட்டம் வாங்காத என் டாக்டரம்மாவுக்கு,

நான் நலம். உன்னையும் குட்டியையும் தவிர வேறு நினைப்பில்லை. குறைமாதத்தில் பிறந்தவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நீ தனியாக உட்கார்ந்திருக்கிறாய். நானோ இங்கே உன் ஆய்வகத்தில் குடுவைக்குக் காவல். இந்தப் பாலித்தீன் படிகம் வளராவிட்டால் மூன்று வருட உழைப்பு வீண் என்று என்னை விரட்டியவளே நீதான்.

முதலில் திட்டு வாங்கிக்கொள்கிறேன். முதல் தடவை கெடுத்தது நான்தான். மெஷின் ரிப்பேர் செய்கிறவனால் திறந்து பார்க்காமல் இருக்க முடியுமா? குடுவை உட்கார்ந்திருக்கும் சூடான எண்ணெய்த் தொட்டியின் மூடியை மணிக்கொரு தரம் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த உன் சார் தலையில் அடித்துக்கொண்டார். சாய்சதுரமாக வர வேண்டியவை கிளைகிளையாகப் பிய்ந்து கிடந்தன. சட்டென்று ஆறினால் அந்த நீளச் சங்கிலிகளுக்கு நிதானமாக மடிந்து அடுக்காகப் படிய நேரம் கிடைக்காதாம். ஒரு பாலித்தீனுக்கு இத்தனை ரோஷம்!

நீ போனில் சொன்னபடி அதையே மறுபடி மெல்லச் சூடேற்றி, கலங்கல் மறைந்ததும் நிறுத்தினேன். எல்லாமே கரைந்துபோன மாதிரிதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் மிச்சமிருக்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டு வளரும் என்றாய். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனாலும் எண்பது டிகிரியில் வைத்து, என் கைக்குப் பயந்து மூடிமேல் டேப் ஒட்டினேன். ஆறு நாள் தொடவில்லை.

நேற்றுக் காலை எடுத்தோம். அத்தனையும் ஒரே அளவு, நறுக்கென்ற விளிம்பு. உன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு இது போதும் என்றார் சார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அன்று நர்ஸம்மாமேல் கோபம் வந்தது. இன்று கும்பிடத் தோன்றுகிறது. எடை இருபது கிராம் குறைந்தது என்ற வரியில் மட்டும் மை பரவியிருந்தது. கவனித்தேன்.

குடுவை வேலை முடிந்தது, இனி விரட்டாதே. வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு வை. சத்தியமாக எதையும் திறக்க மாட்டேன். குட்டியிடம் சொல், அவசரமே இல்லை, மெல்லவே வளரட்டும். அப்பாவுக்கு இப்போது காத்திருக்கத் தெரியும்.

உன்,
ரிப்பேர்காரன்