மூன்று நாளும் ஐம்பத்தெட்டு கிலோ

வைஷ்ணவி,

ஞாயிறு சாப்பாட்டில் மாப்பிள்ளை டிவிக்கு எதிரில், நீ அவர் பக்கத்தில், நான் சமையலறை வாசலில் ஸ்டூலில். அப்போது நீ, "உன் எடை ஏறுற அன்னிக்கெல்லாம் நான் லீவு போடணுமாம்மா?" என்றாய். மாப்பிள்ளை சிரித்தார், நானும் சிரித்தேன். மறுநாள் முதல் மூன்று நாளும், டாக்டர் தினமும் எழுதச் சொன்ன எடை நோட்டில் ஐம்பத்தெட்டு என்றே எழுதினேன்.

அது பொய். இன்று காலை அறுபதரை. கால் வீங்கியிருக்கிறது. இரண்டு கிலோ ஏறினால் இதயத்துக்கு முடியாமல் உடம்பில் நீர் தங்குகிறது என்று அர்த்தம், உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ஆஸ்டின் டவுன் கிளினிக்குக்குப் போகிறேன்.

சாம்பார் உங்களுக்கு. சின்னக் கிண்ணத்தில் இருப்பது என் உப்பில்லாத ரசம், மாப்பிள்ளைக்கு ஊற்றிவிடாதே. சாவி எதிர்வீட்டு நிருபமாவிடம்.

அம்மா

பி.கு: காலை மாத்திரை போட்டுக்கொண்டேன்.

இன்னொன்று: மூன்று நாளின் சரியான எடையை டாக்டருக்கு ஒரு கடிதமாக எழுதிவிட்டேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கவரை ஒட்டியாயிற்று, ஆட்டோவும் வந்துவிட்டது. உன் ஆபீஸ் மீட்டிங் முடிந்ததும் கிளினிக்குக்கு வா. பக்கத்து நாற்காலியில் பையை வைத்து உனக்கு இடம் போட்டிருப்பேன்.