மஞ்சள் ஏறிய கோட்டு

கையைக் கழுவிவிட்டேன். ஆனாலும் அந்தக் கடையின் மணம், பழைய கம்பளியும் சவர்க்காரமும் கலந்த மணம், விரல்களில் இருக்கிறது. அந்த விரல்களால்தான் உமக்கு எழுதுகிறேன். நம்புகிறீரா? நானே எழுதுகிறேன்! எழுதத் தெரியாத நான், இந்த வயதில் தமிழ்ப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு இருந்து படித்தேன். ஒரு வரி எழுதி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. பரவாயில்லை.

நீர் ஊரைவிட்டு, இந்த வெள்ளைக்கார நாட்டின் ஹம் நகருக்கு என்னிடம் வந்துசேர்ந்த முதல் குளிரில், தேவாலயத்துக்குக் கீழே இருந்த அந்தப் பழைய உடுப்புக் கடைக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்றுவிட்டீர்.

"செத்த ஆக்களின்ர உடுப்பு. என்னால ஏலாது."

கடைக்கார அம்மா சொன்னதை, எனக்கு விளங்கியவரை உமக்குச் சொன்னேன். உலகப் போரில் வீடிழந்தவர்களுக்காகப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய கடையாம். சிறுமியாக அவரும் அங்கேதான் காலுக்குச் சப்பாத்து எடுத்தாராம்.

"அப்ப இவவும் எங்களை மாதிரித்தானோ?" என்று உள்ளே வந்தீர்.

ஒரு வெள்ளைக் கம்பளிக் கோட்டு எடுத்தீர். தீட்டுக் கழிய அதை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தீர். காலையில் கோட்டு முழுக்க மஞ்சள்.

"பருப்புச் சட்டிக்குள்ள விழுந்து எழும்பின மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"சிரியுங்கோ. குளிருக்கு நிறம் தெரியாது."

அதையே போட்டுக்கொண்டு போனீர். கடைக்கார அம்மா தடவிப் பார்த்து, இந்த நிறம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். "இஞ்சதான்!" என்று அவருடைய கடைத் தரையைக் காட்டினீர். பிறகு நீரே அங்கே உடுப்பு மடிக்கப் போனீர். யாரோ தைத்த பொத்தானைக் காட்டி, "எவ்வளவு கவனமாத் தைச்சிருக்கிறா, பாருங்கோ. இதை எறிய மனம் வருமோ?" என்பீர்.

நீர் போனபிறகு, "அம்மாவின்ர உடுப்பைப் பாக்கப் பாக்க உங்களுக்குத்தான் கவலை, அப்பா. எறிவம்" என்றான் மகன். கவலை வந்தால் நல்லதுதான். அழுகைகூட இன்னும் வரவில்லை. உள்ளெல்லாம் விறைத்துக் கிடக்கிறது.

இன்று எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுபோனேன். கோட்டை மட்டும் கொடுக்காமல் நின்றேன். பொஸ்னியாவிலிருந்து வந்த ஒரு பெண், மெல்லிய சட்டையோடு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டினேன். போட்டுப் பார்த்தாள், தோள் சரியாக இருந்தது. யாருடையது என்று கேட்டாள். மனைவியுடையது என்றேன். இறந்துவிட்டாரா என்றாள். "ஓம்" என்று தமிழில்தான் வந்தது.

கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கழுத்துவரை பொத்தான்களைப் பூட்டினாள்.

பஸ் தரிப்பில் அவளை முதுகுப்பக்கமாகப் பார்த்தேன். உம்மைக் கூப்பிடுவதுபோல "இஞ்சரும்" என்று வாய்வரை வந்தது. அவள் ஏறினாள். பஸ் போய்விட்டது. அந்தச் சொல் இன்னும் வாய்க்குள் இருக்கிறது.